ஏழாவது வெடி

1

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை. பனியும் மழையும் கலந்து சரிவாக விழுந்துகொண்டிருந்தது. மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள லொங்குய்யில், அந்தச் சுடுபயிற்சிக் கூடத்தின் முன்னால் ஒன்பது கார்கள் நின்றன. எங்களுடையது பத்தாவது. நான் எதையும் எண்ணுகிறவன். எழுபத்தாறு வயதில் அதை இனி மாற்ற முடியாது.

சுடுபயிற்சிக் கூடம் என்றதும் ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு வேறு ஏதாவது மனதில் வரும். இங்கே அது பல் வைத்தியரின் இடம் மாதிரி இருக்கும். வரவேற்பு மேசை, கோப்பி இயந்திரம், ஈரச் சப்பாத்தை வைக்க ஒரு றப்பர் தட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பெரிய புத்தகத்தைத் தரையில் போடுவது போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வரும். அவ்வளவுதான்.

என்னை அங்கே கூட்டிப் போனது என் மகள் சுகந்தி. நாற்பத்தொரு வயது. வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் கவச வண்டிக் கம்பனி ஒன்றில், உள்ளே மேசையில் இருந்து காசு எண்ணும் வேலையைப் பதினொரு வருடம் செய்தாள். இந்தக் கோடையில் அந்தப் பகுதியை மூடி, எண்ணுவதை இயந்திரங்களிடம் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது வண்டியோடு போகிற வேலை. அதற்கு இடுப்பில் துவக்கு வேண்டும். துவக்குக்குப் பரீட்சை வேண்டும். நிறுத்தாமல் பத்து ரவை, அதாவது தோட்டா, இருபது செக்கன், அதில் குறைந்தது எட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழவேண்டும். ஒக்டோபரில் தவறிவிட்டாள். இரண்டு தடவைதான் விடுவார்கள். இரண்டாவது அடுத்த வெள்ளிக்கிழமை. அதிலும் தவறினால் வேலை இல்லை. நாங்கள் இருக்கிற ரொக்ஸ்பரோ வீட்டுக்குக் கடன் இருக்கிறது, நாலு வயதில் லியா என்ற பெண் குழந்தை இருக்கிறாள், பிரிந்துபோன புருஷன் இருக்கிறான். வீட்டின் நிலவறையில் நானும் மனைவி பரமேசும் இருக்கிறோம்.

"துவக்கு சரியில்லை அப்பா," என்றாள் அதற்கு முந்தின நாள். "சின்னன். கைக்குள்ள நிக்குதில்லை. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் ஊரில் ஒன்பது வருடம் பொலிசில் இருந்தவன், அதில் ஆறு வருடம் ஆயுதக் களஞ்சியத்தில். இங்கே வந்தபின் பத்தொன்பது வருடம் இதே மாதிரி ஒரு வண்டியில், இடுப்பில் ரிவோல்வரோடு. ஆகவே போனேன். இரண்டு வருடமாக என் வலது கை நடுங்குகிறது. தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறேன். அதை நினைத்துக்கொண்டே போனேன்.

2

பயிற்சியாளர் பெயர் ரெஜான். அறுபது வயது இருக்கும். கியூபெக் கிராமத்து பிரெஞ்சு பேசுகிறவர். அவர் வாய் பாதிதான் திறக்கும், எனக்குப் பாதிதான் விளங்கும். கம்பனி கொடுக்கப்போகிற அதே வகைத் துவக்கை அங்கே வாடகைக்கு வைத்திருந்தார். உள்ளே நீண்ட ஒடுக்கமான ஆறு பாதைகள், ஒவ்வொன்றின் கடைசியிலும் மனித உருவம் அச்சிட்ட ஒரு தாள். விசிறிக் காற்றில் அந்தத் தாள்கள் தோளை அசைப்பது போல ஆடின. காதுமூடியைப் போட்டதும் உலகம் அடங்கி, என் மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் நின்று விடுவது போலக் கேட்டது.

சுகந்தி பத்து ரவை போட்டுச் சுட்டாள். முதல் ஆறும் நல்ல வெடி. ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். பிறகு கை தாழ்ந்தது. இடது கை இடுப்புக்குப் போய், எதையோ தேடி, ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. மூன்று செக்கன், நாலு செக்கன். பிறகு திடுக்கிட்டு விழித்தவள் போல மிச்சம் நாலையும் அவசரமாக விட்டாள். அவை கீழே, பக்கத்தில், தாளுக்கு வெளியே என்று சிதறின.

இரண்டாம் தடவையும் அப்படி. மூன்றாம் தடவையும் அப்படி.

"பாத்தியளே?" என்றாள். "நல்லா வந்துகொண்டிருக்கேக்கை பிடி வழுகுது."

"ஏன் இடையிலை நிப்பாட்டினனீ?"

"நான் எங்கையப்பா நிப்பாட்டினன்?"

ரெஜான் தோளை உயர்த்தினார். நாலு கிழமையாக அவரும் அதைத்தான் கேட்கிறாராம். அவள் நிற்கவே இல்லை என்கிறாளாம்.

3

கேட்டதற்காக என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். அந்தத் துவக்கு கெட்ட துவக்கு அல்ல. ஆனால் அதை விற்கிறவர்கள் சொல்வது போல அது சின்னக் கைக்கு ஏற்ற துவக்கும் அல்ல. இது பலரும் விடுகிற பிழை. துவக்கு சின்னதானால் சுமக்கத்தான் சுகம், சுடச் சுகமில்லை. பாரம் குறைந்தால் உதை கூடும். குறிபார்க்கிற முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் குறைந்தால், கையில் வருகிற சின்னப் பிழை தாளில் பெரிய பிழையாகும். பிடி கட்டையாக இருப்பதால் சின்னிவிரலுக்கு இடமில்லை. அது வெளியே தொங்கிக்கொண்டு, வேலை இல்லாதவன் கல்யாண வீட்டில் நிற்பது போல நிற்கும்.

குழாயின் நீளம் நூற்றாறு மில்லிமீற்றர். இந்த நாட்டுச் சட்டத்தில் நூற்றைந்தும் அதற்குக் கீழும் சாதாரண ஆட்களுக்குத் தடை. ஆகவே கனடாவுக்கு என்று ஒரு மில்லிமீற்றர் கூட்டிச் செய்து அனுப்புகிறார்கள். முன்னால் குழாய் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். சட்டம் ஒரு மில்லிமீற்றரில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

விசை ஒரே சீராக இறுகி, சொல்லாமல் விடுகிறது. அது நல்லது. வெளியே பூட்டு இல்லை. அது பழகினவனுக்கு நல்லது, பழகாதவனுக்கு நல்லதல்ல. மேலே ஓடுகிற இரும்பின் வில்லு கடும் இறுக்கம், என் வயதுக்கு இரண்டு தடவை இழுக்கவேண்டும். விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் தடித்த குளிர்க் கையுறை போகாது. மொன்றியலில் ஜனவரியில் வெறும் கையோடு எவன் வண்டியால் இறங்குவான்? மெல்லிய கையுறை வேண்டும். மற்றபடி கோட்டுத் துணியில் மாட்டுகிற மூலை ஒன்றுகூட இல்லை. அன்று என் கண் முன்னால் அறுபது ரவைக்கு மேல் போனது, ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லி, குற்றம் பிடியில்தான் என்று முடித்தேன். சுகந்தியின் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. ரெஜான் மட்டும், "அப்படியானால் முதல் ஆறும் ஏன் நல்லாக விழுகிறது, மொசியே?" என்று கேட்டார்.

சுட்டுப் பார்க்காமல் சொல்லமுடியாது என்றேன்.

அவர் என் அனுமதி அட்டையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கை வழக்கம்போல நடுங்கிக்கொண்டிருந்தது. "மெதுவாக," என்று சொல்லி எனக்குப் பின்னால் ஒட்டி நின்றார்.

துவக்கைத் தூக்கினேன். கை நின்றது.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாகக் கரண்டி பிடித்தாலும், பேனை பிடித்தாலும், பேத்தியின் தலையைத் தடவினாலும் நிற்காத கை. சுவிட்சை அணைத்தது போல நின்றது. சந்தோஷம் வரவில்லை. என் கையை வேறு யாரோ மணிக்கட்டில் பிடித்து வைத்திருப்பது போலத்தான் இருந்தது.

சுட்டேன். எல்லாம் கறுப்புக்குள். துவக்கை வாய் முன்பக்கமாக மேசையில் வைத்து, "காலி," என்றேன்.

ரெஜானின் கை என் கைக்கு மேலால் வந்து துவக்கை அமத்தியது. "நோ, மொசியே."

மேல் இரும்பை இழுத்தார். முழு ரவை ஒன்று துள்ளி மேசையில் விழுந்து உருண்டது. ரவை நிரப்புகிற மகசீனைக் கழற்றினார். அதில் இன்னும் மூன்று. காலியான துவக்கின் இரும்பு பின்னுக்குப் போய்த் திறந்தபடி நிற்கும். அது முதல் நாள் படிக்கிற பாடம். என் கண் முன்னால் அது மூடியே கிடந்தது. ஆனாலும் காலி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. சத்தியம் பண்ணியிருப்பேன்.

"பாருங்கோ, ஆயுதக் களஞ்சியம்!" என்று சுகந்தி சிரித்தாள்.

ரெஜான் சிரிக்கவில்லை. "நீங்களும் ஆறுதான்," என்றார். "இடது கையும் இடுப்புக்குப் போனது. குடும்ப வியாதியா இது?"

4

பயிற்சிக்கு வருகிறவர்களை அவர் பக்கவாட்டில் நின்று வீடியோப் படம் பிடித்து வைப்பார். சுகந்தியின் படத்தைப் பெரிதாக்கி எங்களுக்குக் காட்டினார். துவக்கையும் கையையும் விட்டு நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் அசைந்தது. சத்தமில்லாமல், ஆனால் தெளிவாக. ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு. அஞ்சு. ஆறு. ஆறுக்குப் பிறகு உதடு மூடி, தாடை ஒருக்கால் இடப்பக்கம் இழுபட்டது.

"நீ காசை என்ன பாஷையிலை எண்ணுறனி?" என்று கேட்டேன்.

"பிரெஞ்சிலைதான். தமிழிலை எனக்கு எண்ண வராதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"இதைப் பார்."

பார்த்தாள். திரும்பவும் போடச் சொன்னாள். மூன்றாம் தடவை பார்த்துவிட்டு, தன் உதட்டை இரண்டு விரலால் தொட்டாள்.

"இது நானில்லை," என்றாள். "இது உங்கட வாய்."

தாடையை அப்படி இழுப்பது என் பழக்கம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சம்ப்லெயின் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. அங்கேதான் அவள் கதைத்தாள், முன்னால் பார்த்தபடியே. "முந்தி இருந்த கோட்-தெ-நேஜ் வீட்டிலை, நான் நித்திரைக்குப் போற நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் என்னப்பா செய்யிறனீங்கள்?"

எனக்கு விளங்கியது. இரவு வேலைக்குக் கிளம்பமுதல் நான் ரிவோல்வரைக் காலியாக்கி, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று விசையை அமத்திப் பழகுவேன். ஆறு அறை, ஆறு தடவை. வாய்க்குள் எண்ணுவேன். முடிந்ததும் கையைத் தாழ்த்தி, இடது கையால் இடுப்புப் பையில் மறு ரவைகளைத் தேடுவேன். பழக்கம் என்றால் அதுதான், முழுவதையும் செய்யவேண்டும். பத்தொன்பது வருடம் ஒரு நாளும் விடவில்லை. அவள் அதை ஒரு தடவையும் கண்ணால் கண்டதில்லை. கதவு பூட்டியிருக்கும்.

"டிக், டிக் எண்டு கேக்கும்," என்றாள். "ஆறு. பேந்து ஒண்டுமில்லை. ஆறு கேட்டால்தான் எல்லாம் முடிஞ்சுது எண்டு நித்திரை வரும். நீங்கள் நிண்டு நிண்டு செய்தால், வராது." பிரேக்கை அமத்திக்கொண்டு, "இப்பவும் கேக்குது. நிலவறையிலை இருந்து. நீங்கள் இன்னும் அதை எடுக்கிறனீங்கள் எண்டு நினைச்சு நான் ஒண்டும் கேக்கேல்லை," என்றாள்.

நான் வேலையை விட்டபின், பதினாலு வருடமாக அந்த ரிவோல்வர் இரும்புப் பெட்டிக்குள், விசைக்கு ஒரு பூட்டும் பெட்டிக்கு ஒரு பூட்டுமாகக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பரமேசிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, அது உங்கட விரல்தான். அந்த மரக்கதிரையின்ரை கையிலை தட்டிக்கொண்டிருக்கிறியள். ஆறு தட்டும், நிக்கும். பேந்து ஆறு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி? நீங்கள் அதையும் எண்ணத் துடங்குவியள்."

இப்படியான நடுக்கத்துக்கு எண்ணத் தெரியாது என்று நரம்பு வைத்தியர் எனக்கு முன்னமே விளக்கியிருந்தார். அது ஒரே ஓட்டமாக ஓடுமாம், நின்று நின்று வராதாம். அன்று பின்னேரம் கதிரையில் இருந்து என் விரலை நானே பார்த்தேன். பரமேஸ் சொன்னது சரி.

5

செவ்வாயும் புதனும் பின்னேரம் திரும்பப் போனோம். ரெஜானின் மருந்து எளியது. எத்தனை ரவை போடுகிறோம் என்று அவளுக்குச் சொல்லக்கூடாது. ஒரு தடவை மூன்று, ஒரு தடவை எட்டு, இடையில் வெடிக்காத போலி ரவை ஒன்றிரண்டு. மகசீனை நான்தான் நிரப்பினேன். ரவையைத் தொடும்போது என் கை நடுங்கவில்லை.

அது பாதி வேலை செய்தது. எட்டுப் போட்டாலும் பத்துப் போட்டாலும் ஆறில் அவள் கை தாழ்ந்தது.

"எண்ணாதை," என்றேன். வாழ்க்கையில் ஒருவருக்கும் நான் சொல்லாத புத்தி.

"எண்ணாமல் என்ன செய்யிறது? வாய் தானாப் போகுது."

"வாய்க்கு வேறை வேலை குடு. பாடமா என்ன தெரியும் உனக்கு? தேவாரம்?"

"தேவாரமோ! வேறை வேலை இல்லையே அப்பா!" என்றாள். பிறகு யோசித்து, "மெற்றோ தெரியும்," என்றாள்.

கல்லூரிக் காலத்தில் அவள் தினமும் போய் வந்த செம்மஞ்சள் பாதை. நிலையங்களின் பெயரை அறிவிப்புக் குரலின் அதே தொனியில் சொல்லிக் காட்டினாள். கோட்-வெர்த்து, து கொலேஜ், தெ லா சவான், நமூர், பிளமொந்தோன், கோட்-செந்த்-கத்ரின், ஸ்னோடன், வில்லா-மரியா, வந்தோம், பிளாஸ்-செந்த்-ஹென்றி. எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பத்து.

ஒரு வெடிக்கு ஒரு நிலையம். முதல் தடவை கோட்-செந்த்-கத்ரின் வரை போய் நின்றாள். ஆறாவது. கை இடுப்புக்குப் பாதி வழி போய், அந்தரத்தில் நின்றது.

"அடுத்தது ஸ்னோடன்," என்றாள், காதுமூடியைக் கழற்றாமல், பெரிய சத்தமாக. "அதிலைதான் நான் இறங்கிறனான். வீட்டுக்கு மாறுறது அதிலைதான்."

"இறங்காதை பிள்ளை. அந்த வீட்டிலை இப்ப ஒருத்தரும் இல்லை. நேரா போ."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். புதன் முடியும்போது மூன்றில் இரண்டு தடவை நிற்காமல் போனாள். மூன்றாவதில் நின்றாள். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவைதான்.

6

"நீங்கள் வரவேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். "உங்களைக் கண்டால் எண்ணிப்போடுவன்."

வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ், மெற்றோ, மஞ்சள் லைன், லொங்குய் நிலையத்தில் இருந்து டக்சி. கூடத்துக்குப் போய், வரவேற்பு மேசையில் இருந்த பெண்பிள்ளையிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, சுவரோரக் கதிரையில் இருந்தேன். மறுபரீட்சைக்கு அந்த மணித்தியாலத்தில் வந்தது அவள் ஒருத்திதான். மற்றப் பாதைகளை நிறுத்தியிருந்தார்கள்.

கவனித்தேன். நான் சுவருக்கு இந்தப் பக்கம். அவள் அந்தப் பக்கம்.

முதலாவது வெடி. முழங்காலில் இருந்த என் வலது விரல் ஒரு தட்டுத் தட்டியது. இரண்டாவது வெடி, இரண்டாவது தட்டு. நான் தட்டவில்லை, அது தட்டியது. நமூர். பிளமொந்தோன். வெடியும் விரலும் ஒன்றாகவே போயின. ஒரு கட்டத்தில் எது முந்துகிறது என்று எனக்கு நிச்சயமில்லாமல் போனது. விரல் தட்ட, அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் வெடிக்கிறதோ என்று தோன்றியது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமத்தினேன். தொடைக்குக் கீழேயும் தட்டியது.

ஆறு.

விரல் நின்றது. சுவர் நின்றது. கோப்பி இயந்திரம் மட்டும் உள்ளே தண்ணீர் இழுத்தது. அவள் கை இப்போது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். இடுப்புக்குப் பாதி வழி. உதடு மூடியிருக்கும். தாடை இடப்பக்கம் இழுபடும். என் தாடை இழுபட்டுக்கொண்டிருந்தது. அதை வலப்பக்கம் தள்ளினேன். மேசைப் பிள்ளை என்னைப் பயத்தோடு பார்த்தாள்.

"ஸ்னோடன்," என்றேன் சுவரைப் பார்த்து. "இறங்காதை."

சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாவது வெடித்தது.

என் விரல் அசையவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. மூன்றுக்கும் அசையவில்லை.

வெளியே வந்தபோது சுகந்தியின் கையில் ஒரு மஞ்சள் தாள் இருந்தது. பத்தில் ஒன்பது, பதினெட்டுச் செக்கன். என்னைக் கண்டு கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"ஆர் கத்தினது?" என்று கேட்டாள். "ரெஜான் ஒண்டும் கேக்கேல்லையாம். காதுமூடியும் போட்டிருந்தன். ஆனால் எனக்குக் கேட்டது."

நான் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். மேசைப் பிள்ளைக்கே கேட்டிருக்காது.

7

அடுத்த கிழமை பொலிசுக்குத் தொலைபேசி எடுத்து, ரிவோல்வரை அழிப்பதற்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். கைத்துவக்கு விற்பனையை நாடு முழுக்க நிறுத்தியபின் அதை விற்கவும் முடியாது, ஒருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

அன்று பின்னேரம் லியா என் மடியில் ஏறி இருந்தாள். அவளுக்கு எங்கள் தமிழ் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் படித்த பிரெஞ்சுதான் வரும். நடுங்கும் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு." என்னுடைய அதே இழுவை.

"ஆர் சொல்லித் தந்தது?"

தோளை உயர்த்தினாள். அவள் படுக்கிற அறை என் கதிரைக்கு நேர் மேலே இருக்கிறது.

"ஆறுக்குப் பிறகு என்ன வரும், குஞ்சு?"

"அப்றே?" என்றாள். "அப்றே, செ ஃபினி." பிறகு ஒன்றுமில்லை, முடிந்துவிட்டது.

"ஏழு," என்றேன். "ஏழு இருக்கு. சொல்லு." அவள் என் வாயைப் பார்த்தாள். நாலைந்து தடவை சொல்லவைத்தேன். பரமேஸ் வந்து, பிள்ளையைப் போட்டு வருத்தாதேங்கோ என்று தூக்கிக்கொண்டு போனாள். என்னுடைய அந்த மரக்கதிரையை அன்றைக்கே வெளியே குப்பைக்கு வைத்தேன்.

பிறகு வழக்கம்போல இதற்குப் போன காசை எழுதினேன். கூடமும் வாடகைத் துவக்கும், மூன்று தடவை: 105. ரவை இருநூறு: 96. போலி ரவை: 22. எனக்கு ஒரு காதுமூடி, மற்றவன் போட்டதை நான் போடமாட்டேன்: 41. அவளுக்கு மெல்லிய கையுறை: 18.50. வாங்கிய நாளில் ரிவோல்வருக்குக் கொடுத்தது: 285. கீழே கோடு போட்டு, 567 டொலர் 50 சதம் என்று கூட்டி, பேனையை மூடிவிட்டேன்.

பரமேஸ் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "டக்சிக் காசு எங்கை?"

எண்ணிப் பார்த்தேன். ஆறு வரி. முடிந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

கோட்டை வெட்டி, அதற்குக் கீழே எழுதினேன். ஏழாவது, டக்சி: 24.50. எல்லாமாக ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு டொலர்.